ஒரு லட்சம் உயிர் என்ற கணக்கும் நம் ஊர்ப் புகைமூட்டமும்

நாணல் (தமிழ்ப்பள்ளி ஆசிரியை, கோல லங்காட், மலேசியா) எழுதியது:

சென்ற வாரம் எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில், புகைமூட்டக் காலத்தில் பிள்ளைகளை எப்படிக் காப்பது என்ற பேச்சு வந்தது. ஒரு தந்தை எழுந்து, "ஆண்டில் இரண்டு வாரம் தொண்டை கரகரக்கும், கண் எரியும், மழை பெய்தால் போய்விடும், இதற்கு ஏன் இத்தனை கவலை?" என்று கேட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் அவர் சொன்னதற்குத் தலையசைத்தார்கள். எனக்கு அங்கே உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து படித்ததை இங்கே வைக்கிறேன்.

பசிபிக் கடல்நீர் சூடேறி நம் பக்கம் மழை பொய்ப்பதை எல் நினோ என்கிறார்கள். 2015ஆம் ஆண்டு எல் நினோ வறட்சியில் இந்தோனேசியாவில் ஏறத்தாழ 26 லட்சம் ஹெக்டர் நிலம் எரிந்தது. அந்தப் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 1,00,300 பேர் தங்கள் காலத்துக்கு முன்பே இறந்திருப்பார்கள் என்று ஹார்வர்ட், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2016இல் மதிப்பிட்டார்கள். அதில் இந்தோனேசியாவின் பங்கு 91,600. நம் நாட்டின் பங்கு 6,500. சிங்கப்பூரின் பங்கு 2,200.

என் நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். புகைமூட்டத்தைப் பருவகாலத் தொல்லையாகப் பார்க்கும் வழக்கம் தவறு. அது வெள்ளத்தைப் போல உயிர் குடிக்கும் பேரிடர். பூமி சூடேறச் சூடேற அது வலுக்கும். வெள்ளம் வந்தால் பள்ளி மண்டபத்தைத் திறந்து, பாய் விரித்து, சோறு சமைத்துப் போடுகிற நாம், புகை வந்தால் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வதோடு நின்றுவிடுகிறோம். அந்தத் தந்தையைப் போல நினைப்பவர்கள் தயங்காமல் மறுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பழைய கிராணி (ஜொகூர்) எழுதியது:

ஆசிரியை அவர்களே, பிள்ளைகள்மேல் நீங்கள் வைத்திருக்கும் அக்கறையில் குறை காண எனக்கு ஏதுமில்லை. ஆனால் அந்த ஒரு லட்சம் என்ற எண்ணைப் பெற்றோர் முன்னால் வைக்க வேண்டாம்.

ரப்பர்த் தோட்டத்திலும் பிறகு செம்பனைத் தோட்டத்திலுமாக 34 ஆண்டுகள் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வேலை பார்த்தவன் நான். 1997, 2005, 2013, 2015 என்று நான்கு பெரும் புகைமூட்டங்களைத் தோட்டத்தில் இருந்தே பார்த்தேன். 2013 ஜூன் மாதம் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746க்கு ஏறி அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது, அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் எங்கள் தோட்டம் இருந்தது. மருந்தகப் பதிவேடு என் மேசைக்குத்தான் வரும். இருமல் கூடியது, இளைப்பு கூடியது, கண் எரிச்சல் கூடியது, மறைக்கவில்லை. ஆனால் இறப்பு கூடவில்லை. இறந்தவர்களின் தாள்களில் புகை என்ற சொல்லை நான் ஒருமுறையும் கண்டதில்லை. ஆய்வாளர்கள் யாருடைய பிணத்தையும் எண்ணவில்லை. கணினியில் காற்றோட்டத்தை ஓடவிட்டு, அதை ஒரு விகிதத்தால் பெருக்கி அந்த எண்ணை எடுத்தார்கள். சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சே அது உண்மை நிலையைக் காட்டவில்லை என்று அப்போது மறுத்தது.

இரண்டாவது, காலநிலை மாற்றத்தை இதற்குள் கொண்டுவருவதை நான் ஏற்கவில்லை. எல் நினோ நம் பாட்டன் காலத்திலும் இருந்தது. பூமி சூடாகிவிட்டது என்று சொல்லிவிட்டால், காட்டைக் கொளுத்தியவன் பொறுப்பிலிருந்து நழுவிவிடுவான். தீ தானாக வரவில்லை, மனிதன் வைத்தான்.

மூன்றாவது, ஆண்டில் இரண்டு வாரப் புகைக்குக் கூட்டம் போடுகிறோம். கூட்டரசு நெடுஞ்சாலையில் 52 வாரமும் மோட்டார் சைக்கிளில் போகிற பிள்ளைகள் விழுங்கும் புகைக்கு யாரும் கூட்டம் போடுவதில்லை.


தரவாளன் (சிங்கப்பூர்) எழுதியது:

கிராணி ஐயாவின் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புள்ளியியல் என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 புகையைப் பற்றி ஓர் எண் மட்டும் வெளிவரவில்லை. அதே 2016இல் வந்த மற்றோர் ஆய்வு, அந்த ஆண்டின் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் 6 கோடியே 90 லட்சம் மக்கள் உடல்நலத்துக்குக் கேடான காற்றைச் சுவாசித்தார்கள் என்றும், அதனால் ஏறத்தாழ 11,880 பேர் இறந்தார்கள் என்றும் மதிப்பிட்டது. ஒன்று 12 ஆயிரம், மற்றொன்று ஒரு லட்சம். எட்டு மடங்கு வேறுபாடு. இதைப் பார்த்ததும் இருவரில் ஒருவர் தவறு என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இருவரும் கேட்ட கேள்விகள் வேறு. சிறிய எண், புகை அடர்ந்த நாள்களிலும் அவற்றை ஒட்டிய நாள்களிலும் கூடுதலாக நிகழும் இறப்புகளைச் சொல்கிறது. பெரிய எண், இரண்டு மாதப் புகை ஒருவர் அந்த ஆண்டு முழுவதும் சுவாசித்த துகளின் சராசரியை எவ்வளவு உயர்த்தியது என்று பார்த்து, அந்த உயர்வு இதயத்தையும் நுரையீரலையும் தேய்ப்பதால் காலப்போக்கில் இழக்கப்படும் உயிர்களைச் சேர்க்கிறது.

இங்கே ஐயாவுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீண்டகாலத் தீங்கின் விகிதங்கள் ஆண்டுக்கணக்கில் மாசுக் காற்றில் வாழ்ந்த மக்களைப் பின்தொடர்ந்து பெறப்பட்டவை. இரண்டு மாதம் கடுமையாக வந்து போகும் புகைக்கு அதே விகிதத்தைப் போடலாமா என்பது நியாயமான ஐயம். எனக்கும் அது உண்டு. அந்த ஆய்வாளர்களே தங்கள் எண்ணுக்கு 26,300 முதல் 1,74,300 வரை என்று எல்லை கொடுத்திருக்கிறார்கள். செய்தித்தாள்கள் நடு எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த எல்லையை விட்டுவிட்டன. எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு: அந்தக் கணக்கில் பெரியவர்கள் மட்டுமே இருக்கிறார்கள், குழந்தைகள் இல்லை.

இனி உங்கள் பதிவேட்டுக்கு வருகிறேன். 2015இல் மலேசியாவில் இறந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். அதில் 6,500 என்பது ஏறத்தாழ நான்கு விழுக்காடு. ஆயிரம் பேர் வாழும் ஒரு தோட்டத்தில் ஆண்டுக்கு ஐந்தாறு பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொண்டால், நான்கு விழுக்காட்டு ஏற்றம் என்பது ஓர் உயிரில் கால் பங்குகூட ஆகாது. அந்த ஏற்றம் உண்மையிலேயே நடந்திருந்தாலும் அதை உங்கள் மேசையில் இருந்து காண எந்தக் கிராணியாலும் முடிந்திருக்காது. நீங்கள் கவனிக்கத் தவறினீர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒரு தோட்டத்துப் பதிவேட்டுக்குள் இது அடங்காது என்பதே பொருள்.


ஈப்போ தாதி எழுதியது:

22 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் நெஞ்சகப் பிரிவில். இறப்புத் தாளில் புகை என்ற சொல் ஏன் வருவதில்லை என்பதை நான் சொல்கிறேன்.

புகைமூட்டத்தில் உயிரை எடுப்பது கண்ணுக்குத் தெரிகிற சாம்பல் அல்ல. 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்தான். தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட அது இராது. மூக்கு மயிரும் சளியும் பெரிய தூசியைப் பிடித்துக்கொள்ளும், இதைப் பிடிக்காது. இது நுரையீரலின் காற்றுப்பைகள்வரை இறங்கி, அங்கே அழற்சியை உண்டாக்குகிறது. அந்த அழற்சி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. இரத்தக் குழாய் சுருங்குகிறது. ஏற்கெனவே அடைப்பு இருப்பவருக்கு அது மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ முடிகிறது. ஆகவே புகையால் இறப்பவர்களில் பலர் எங்கள் பிரிவுக்கு வருவதே இல்லை. இதயப் பிரிவில் இறக்கிறார்கள். தாளில் மாரடைப்பு என்று எழுதப்படுகிறது. அது பொய்யும் அல்ல.

இன்னொன்றைக் கிராணி ஐயா என்னைவிட நன்றாக அறிவார். வீட்டில் இறக்கும் முதியவர்களுக்கு மருத்துவர் பார்க்காமலே இறப்பு பதிவாவது நம் நாட்டில் சாதாரணம். காவல் நிலையத்தில் கேட்டு எழுதுகிற அந்தத் தாளில் பெரும்பாலும் 'சாகிட் துவா', அதாவது முதுமை நோய், என்றே இருக்கும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை இதயம் நின்றது, எத்தனை நுரையீரல் அடைத்தது என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை.

கணினியை நம்பாதவர்கள் எண்ணிப் பார்த்த ஆய்வுகளையாவது பார்க்க வேண்டும். 1997 புகையின்போது கோலாலம்பூரிலும் கூச்சிங்கிலும் நாள்வாரியாகப் பதிவான இறப்புகளை வைத்து நாராயண் சாஸ்திரி என்பவர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், கோலாலம்பூரில் புகை அடர்ந்த நாளை அடுத்து, குறிப்பாக 65 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களிடையே, இறப்பு கூடியது தெரிந்தது. பொருளியலாளர் சீமா ஜெயச்சந்திரன் செய்ததோ என் மனத்தை விட்டு அகலாதது. அவர் இந்தோனேசியாவின் 2000ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்து, 1997 புகைக்காலத்தை ஒட்டிப் பிறந்து அந்தக் கணக்கெடுப்பில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகள் எத்தனை பேர் இல்லை என்று தேடினார். 15,600 பேருக்கு மேல் இல்லை. தாய் வயிற்றில் கடைசி மூன்று மாதங்களில் இருந்தபோது புகை சூழ்ந்த பகுதிகளில்தான் இழப்பு மிகுதி. அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறியவர்கள் அல்லர். கணக்கெடுப்பில் விழுந்த அந்த வெற்றிடம் ஒன்றே அவர்களுக்கு மிஞ்சிய பதிவு.

வாகனப் புகையைப் பற்றி ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அது ஆண்டு முழுவதும் தேய்க்கிறது. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதைத் தள்ள முடியாது. தென் கலிபோர்னியாவில் மருத்துவமனைச் சேர்க்கைகளை ஆராய்ந்தபோது, அதே அளவு நுண்துகள் மற்ற வழிகளில் வருவதைவிடக் காட்டுத்தீயில் இருந்து வரும்போது மூச்சு நோய்ச் சேர்க்கையைக் கூடுதலாக ஏற்றுவதாகக் கண்டார்கள்.


கூச்சிங் வாசகன் எழுதியது:

1997 செப்டம்பர் மாதம் எனக்கு ஒன்பது வயது. சரவாக்கில் அவசரநிலை அறிவித்தார்கள். கூச்சிங்கில் குறியீடு 839 என்று பிறகு படித்தேன். எனக்கு நினைவில் இருப்பது எண் அல்ல. நண்பகலில் வீட்டுக்குள் விளக்குப் போட்டுக்கொண்டு, நனைத்த துண்டைக் கதவிடுக்கில் செருகிவிட்டு, பாட்டியின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்ததுதான்.

எல் நினோ பழையது என்று கிராணி ஐயா சொல்வது உண்மை. ஆனால் அது வந்து இறங்கும் நிலம் பழைய நிலம் அல்ல. மலாய்மொழியில் 'தானா காம்புட்' என்கிற கரிநிலம், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் ஊறி மட்காமல் கிடக்கும் இலையும் வேரும் மரமும் சேர்ந்தது. ஈரமாக இருக்கும்வரை அதில் தீ பிடிக்காது. 1990களின் நடுவில் இந்தோனேசியாவின் சுகார்த்தோ அரசு மத்தியக் களிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டர் கரிநிலத்தை நெல்வயலாக்குவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வாய்க்கால் வெட்டி நீரை வடித்தது. நெல் விளையவில்லை. அடுத்து வந்த 1997 வறட்சியில் அது எரிந்தது. அந்த ஆண்டு இந்தோனேசியக் கரிநிலமும் காடும் எரிந்து வெளியான கார்பன், உலகம் முழுவதும் சராசரியாக ஓர் ஆண்டில் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவின் கார்பனில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று 2002இல் கணக்கிட்டார்கள். 2015 செப்டம்பர், அக்டோபரில் நாள்தோறும் வெளியான கரியமிலவாயு, ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் எரிபொருள் எரித்து ஒரு நாளில் வெளியிட்டதைவிட அதிகம்.

ஆகவே காலநிலை மாற்றத்தை நாங்கள் வெளியில் இருந்து இழுத்து வரவில்லை, ஐயா. இந்தப் புகையே அதை வளர்க்கிறது. வளர்ந்த சூடு அடுத்த வறட்சியில் கரிநிலத்தை இன்னும் உலர்த்துகிறது. நுரையீரலுக்குள் போகும் துகளும் வானத்தில் தங்கும் வாயுவும் ஒரே தீயின் இரண்டு பிள்ளைகள்.


பழைய கிராணி (ஜொகூர்) எழுதியது:

தாதியம்மா எழுதியதைப் படித்த பிறகு ஒரு நாள் எதுவும் எழுதாமல் இருந்தேன்.

'சாகிட் துவா' என்று எழுதப்பட்ட தாள்களை வாங்கிவந்தவன் நான்தான். தோட்டத்து லயத்தில் யாராவது இறந்தால், அடக்கம் செய்யும் அனுமதிக்காகக் குடும்பத்தாரோடு காவல் நிலையத்துக்குப் போவது கிராணியின் வேலை. வயது என்ன என்று கேட்பார்கள். அறுபதுக்கு மேல் என்றால் அந்தச் சொல்லை எழுதுவார்கள். நானும் கையெழுத்துப் போடுவேன். முந்தைய இரவு அவருக்கு மூச்சு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஆகவே தாள்களில் புகை இல்லை என்று நான் முதலில் வைத்த வாதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தரவாளன் தம்பி போட்ட கால் உயிர்க் கணக்கையும் ஏற்கிறேன்.

ஆனால் காலநிலைப் பேச்சில் நான் இன்னும் உடன்படவில்லை. கூச்சிங் தம்பி சொன்ன வரலாறு என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. வாய்க்கால் வெட்டியதால் நிலம் உலர்ந்தது; உலர்ந்ததால் எரிந்தது. இதில் மனிதன் செய்த தவறு நிலத்தில் இருக்கிறது, வானத்தில் இல்லை.

கரிநிலத் தீயை நான் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன். மேலே சுடர் இருக்காது. மண்ணில் இருந்து வெண்புகை கசியும். குழாயில் நீரடித்தால் மேல்மண் அணையும். அடியில் ஓரடி, ஈரடி ஆழத்தில் அது ஊர்ந்துகொண்டே இருக்கும். வேர் வெந்த மரம் காற்றே இல்லாமல் சாயும். பத்து நாள் கழித்து, அணைத்த இடத்துக்கு நாற்பது முழம் தள்ளி மீண்டும் புகையும். அதற்கு ஒரே மருந்து நீர்மட்டம். வாய்க்காலுக்குக் குறுக்கே அடைப்புப் போட்டு, நீர் மண்ணின் மேற்பரப்பில் இருந்து 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்காமல் வைத்துக்கொண்டால் தீ ஆழத்துக்குப் போகாது. இந்தோனேசியாவும் அந்த 40 சென்டிமீட்டரைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. நம் ரப்பர்த் தோட்டங்களிலும் முன்பு மறுநடவுக்கு முன் பழைய மரத்தை எரிப்பதுதான் வழக்கம். பிறகு எரிக்காமல் வெட்டி, சீவி, வரிசையாகக் குவித்து மட்கவிடும் முறை வந்தது. செலவு கூடியது, ஆனால் முடிந்தது. உலக வெப்பம் குறையும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை இது. காலநிலை என்று பேசத் தொடங்கினால் இந்த வேலை பின்னுக்குப் போய்விடும் என்பதே என் அச்சம்.

ஆசிரியை அவர்கள் இருக்கும் கோல லங்காட்டுக்குப் பக்கத்தில், கிள்ளான் ஜோஹான் செத்தியாவில் இந்தோனேசியப் புகை இல்லாத நாளிலும் குறியீடு ஏறுவது எல்லாருக்கும் தெரியும். அது நம் மண்ணில் நாம் வைக்கும் தீ.


தரவாளன் (சிங்கப்பூர்) எழுதியது:

ஐயா, நீர்மட்டத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் வானத்தில் தவறில்லை என்பதை ஏற்க முடியவில்லை.

எல் நினோ இனி அடிக்கடி வருமா, கடல்நீரின் சூடு ஏறி இறங்கும் வீச்சு கூடுமா என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. அதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் எல் நினோவோடு வரும் மழை மாறுபாடு, அதாவது பெய்தால் கொட்டுவதும் பொய்த்தால் அடியோடு பொய்ப்பதும், இந்த நூற்றாண்டின் பிற்பாதியில் வலுக்க மிகவும் வாய்ப்பு உண்டு என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் ஆறாவது அறிக்கை சொல்கிறது. காற்று சூடாக இருந்தால் அதே மழைக்குறைவில் மண் விரைவாக உலரும். நீங்கள் அடைப்புப் போட்டுக் காக்கும் அந்த 40 சென்டிமீட்டர், நீண்ட வறட்சியில் காக்க முடியாமல் போகும். இந்தோனேசியா 2016 தொடக்கத்தில் கரிநில மீட்புக்கென்றே ஒரு நிறுவனத்தை அமைத்து 20 லட்சம் ஹெக்டரை மீட்பதாக இலக்கு வைத்தது. அப்படியிருந்தும் 2019இல் 16 லட்சம் ஹெக்டர் எரிந்தது. அந்த ஆண்டு எல் நினோ வலுவாக இல்லை; இந்தியப் பெருங்கடலின் மேற்கில் சூடும் கிழக்கில் குளிர்ச்சியும் கூடி, அதுவே சுமத்ராவின் மழையைத் தடுத்தது.

தீ வைத்தவனைக் காலநிலை விடுவிக்கும் என்று அஞ்சுகிறீர்கள். எனக்கு அது நேர்மாறாகத் தோன்றுகிறது. காட்டில் ஈரம் இருந்த காலத்தில் ஒரு தீக்குச்சி அரை ஏக்கரை எரித்தது. இன்று அதே தீக்குச்சி அண்டை நாட்டுப் பள்ளிகளை மூட வைக்கிறது. அவன் பொறுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. சிங்கப்பூர் 2014இல் எல்லை தாண்டிய புகைக்குச் சட்டம் இயற்றியது. மலேசியாவும் அப்படி ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசி 2023இல் கைவிட்டது. கைவிட்டதற்கு வருந்துபவர்களில் நானும் ஒருவன்.


நாணல் (கோல லங்காட்) எழுதியது:

கிராணி ஐயா, நீங்கள் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிய பாடம். நானும் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன்: அடுத்த கூட்டத்தில் ஒரு லட்சம் என்று தனியாகச் சொல்ல மாட்டேன், 12 ஆயிரத்தையும் சேர்த்தே சொல்வேன்.

ஆனால் என் கவலை வகுப்பறையில் இருக்கிறது. புகை நாள்களில் சன்னலைச் சாத்துகிறோம். 35 பிள்ளைகள், இரண்டு மின்விசிறி, துத்தநாகக் கூரை. பத்தரை மணிக்குள் பிள்ளைகளின் சட்டை முதுகோடு ஒட்டிவிடுகிறது. திறந்தால் புகை, சாத்தினால் புழுக்கம். 2014 முதல் 2019 வரை கலிபோர்னியாவில் நிகழ்ந்த இறப்புகளைப் பார்த்த ஓர் ஆய்வில், கடும் வெப்பம் மட்டும் இருந்த நாள்களில் இறப்பு ஏறத்தாழ 6 விழுக்காடும், கடும் நுண்துகள் மட்டும் இருந்த நாள்களில் 5 விழுக்காடும், இரண்டும் சேர்ந்த நாள்களில் 21 விழுக்காடும் கூடியதாகப் படித்தேன். ஐந்தும் ஆறும் சேர்ந்தால் பதினொன்றுதானே வர வேண்டும். உடல் அப்படிக் கூட்டிக் கணக்குப் போடுவதில்லை போலும்.


பழைய கிராணி (ஜொகூர்) எழுதியது:

அதை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவர முடியாது, அம்மா. நம் கடும் வெயில் மார்ச், ஏப்ரலில். புகையோ ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை. அடர்ந்த புகை வெயிலையே மறைத்து, பகல் சூட்டைக் குறைப்பதையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் எப்படிச் சேரும்?


ஈப்போ தாதி எழுதியது:

நல்ல மறுப்பு. நம் பெரும் புகைமூட்டங்களில் இரண்டும் ஒரே நாளில் உச்சம் தொடுவது குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுமத்ராவின் ரியாவ் பகுதிக்கு ஆண்டின் தொடக்கத்திலும் ஒரு வறண்ட பருவம் உண்டு. 2014 மார்ச்சில் கிள்ளான் துறைமுகத்தில் குறியீடு 300ஐத் தாண்டியது. அது நம் வெயில் மாதம். ஒரே எல் நினோ 1997 செப்டம்பரில் கூச்சிங்கைப் புகையால் மூடிவிட்டு, 1998 ஏப்ரல் 9ஆம் நாள் பெர்லிஸ் சூப்பிங்கில் வெப்பத்தை 40.1 பாகைக்கு ஏற்றியது. நோயாளியின் உடல் அந்த ஏழு மாத இடைவெளியில் முழுதாகத் தேறிவிடும் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

அம்மாவின் வகுப்பறைக்கு வெளி வெப்பம் 40 ஆக வேண்டியதில்லை. சாத்திய அறைக்குள் 35 உடல்கள் விடும் சூடும் ஈரமும் போதும். நான் சொல்லக்கூடியது இதுதான். நாம் பார்க்கும் குறியீட்டில் நுண்துகளின் அளவு 24 மணி நேரச் சராசரி. காலை ஏழு மணிப் புகை அதில் தாமதமாகத்தான் தெரியும். ஆகவே அந்தந்த மணி நேரத்தின் நுண்துகள் அளவைப் பார்த்து, புகை தணிந்த நேரத்தில் சன்னலைத் திறந்து, ஏறும்போது சாத்துங்கள். பள்ளி முழுவதற்கும் முடியாவிட்டாலும், ஓர் அறைக்காவது குளிர்சாதனமும் நல்ல வடிகட்டியும் வாங்கி, இளைப்பு நோய் உள்ள பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். சாதாரண அறுவைக்கூட முகக்கவசம் முகத்தோடு ஒட்டி நிற்காது. என்95 (N95) வகை ஒட்டும், ஆனால் சிறு பிள்ளைகளின் முகத்துக்கு அது பெரும்பாலும் பொருந்துவதில்லை. கவசத்தை நம்பித் திடலில் விளையாட விடாதீர்கள்.


பழைய கிராணி (ஜொகூர்) எழுதியது:

ஓர் அறை என்பது செய்யக்கூடிய காரியம். எங்கள் பக்கத்துப் பள்ளி வாரியத்திலும் கேட்கிறேன்.

தரவாளன் தம்பியிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் கடைசியாக வேலை பார்த்த தோட்டத்தின் பழைய இறப்புப் பதிவேட்டின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. காரணம் எழுதிய பத்தி பயன்படாது என்று இப்போது தெரிகிறது. வேறு எதற்காவது பயன்படுமா?


தரவாளன் (சிங்கப்பூர்) எழுதியது:

பயன்படும், ஐயா. நாள்வாரியாக ஒப்பிடும் ஆய்வுக்குக் காரணமே தேவையில்லை. தேதியும் வயதும் போதும். ஒரு தோட்டத்துப் பதிவேடு தனியாக எதையும் காட்டாது என்று நானே மேலே எழுதினேன். முப்பது, நாற்பது தோட்டங்களின் தேதிகள் ஒன்றுசேர்ந்தால், புகை அடர்ந்த நாள்களோடு வைத்துப் பார்க்க முடியும். பெயர்களை விட்டுவிட்டுத் தேதி, வயது, ஆணா பெண்ணா என்பதை மட்டும் படியெடுத்து வையுங்கள். உங்களோடு வேலை பார்த்த மற்றக் கிராணிகளிடமும் கேட்டுப் பாருங்கள்.


பழைய கிராணி (ஜொகூர்) எழுதியது:

மூவரிடம் தொலைபேசியில் பேசினேன். இருவரிடம் பதிவேடு இருக்கிறது. ஒருவருடையது வெள்ளத்தில் போய்விட்டது. காரணத்தை யார் யாரோ சொன்னபடி எழுதினோம், தம்பி. தேதியை மட்டும் நான் தவறாக எழுதியதில்லை. 1997இல் இருந்து தொடங்குகிறேன்.